மலையேறும் பெண்களுக்கு எந்தச் சப்பாத்து? ‘தண்ணீர் புகாது’ என்பதை மட்டும் நம்பி வாங்கலாமா?

மலையேறும் குழுவில் புதிதாகச் சேரும் பெண்கள் விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: “தண்ணி உள்ளே போகாத சப்பாத்து இருக்கா?” விற்பனையாளரும் ‘காலிஸ் ஆயர்’ என்று அச்சிட்ட பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார். பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு என்றால் விலை பல நூறு வெள்ளி. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்குபவர்கள் பலர். முதல் ஆற்றைக் கடந்ததுமே அது நனைந்து கனத்துப்போகிறது. இறங்கும்போது விரல்கள் முன்னால் இடித்து நகம் கறுத்துப்போகிறது. குதிகாலில் கொப்புளம் வருகிறது. இதற்குப் பிறகு மலைப் பக்கமே போகாதவர்களும் உண்டு.

தண்ணீர் புகாத சப்பாத்து என்பது ஏமாற்று வேலையன்று. அது எந்தத் தண்ணீரைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நம் காடுகளில் பாதத்துக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. மழையாகவும் புல் நனைந்த ஈரமாகவும் வெளியிலிருந்து வருவது முதல் வழி. ஆற்றையோ சேற்றையோ கடக்கும்போது கணுக்காலுக்கு மேலே ஏறி உள்ளே இறங்குவது இரண்டாவது. பாதத்தின் வியர்வை மூன்றாவது. கடையில் விற்கும் நீர்புகாத சப்பாத்து முதல் வழியை மட்டுமே நன்றாக அடைக்கும்.

சவ்வு எப்படி வேலை செய்கிறது?

இத்தகைய சப்பாத்துகளின் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று காலுறை போல வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். இவற்றில் பலருக்கும் தெரிந்த பெயர் கோர்-டெக்ஸ். வேறு பல நிறுவனங்களும் சொந்தப் பெயரில் இதுபோன்ற சவ்வுகளைப் பயன்படுத்துகின்றன. சவ்வில் உள்ள துளைகள் மிக நுண்ணியவை. நீர்த்துளி அவற்றின் வழியே நுழைய முடியாது. ஆனால் வியர்வை ஆவியாக மாறினால் அதே துளைகள் வழியாக வெளியேற முடியும்.

அந்த ஆவி வெளியேற வேண்டுமானால், சப்பாத்துக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் இந்த வேறுபாடு அதிகம். நம் தாழ்நிலக் காடுகளில் காற்றே வெப்பமும் ஈரமுமாக இருப்பதால் வேறுபாடு குறைவு. ஆவி மெதுவாகவே வெளியேறும். வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால் இன்னும் மோசம். எனவே இரண்டு மூன்று மணி நேரம் மேடேறிய பிறகு காலுறை ஈரமாக இருந்தால், சப்பாத்து ஓட்டை என்று பொருள் கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் உங்கள் வியர்வைதான்.

இன்னொன்று, வெளித்தண்ணீரைத் தடுக்கும் அதே சவ்வு, மேல்வாய் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீரையும் வெளியே விடாது. ஆறு கடந்தபின் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தால்தான் தண்ணீர் வெளியேறும். முழுக்க நனைந்த சவ்வுச் சப்பாத்து காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சவ்வு இல்லாத வலைத்துணிச் சப்பாத்தில் தண்ணீர் நடக்க நடக்க வழிந்து போய்விடும். காற்றாட வைத்தால் விரைவில் காய்ந்தும் விடும்.

எந்த மலைக்குப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

செமினி புரோகா மலை, பினாங்குக் கொடிமலை, சிங்கப்பூரின் 163 மீட்டர் புக்கிட் தீமா போன்ற அரை நாள் நடைகளுக்குச் சவ்வு அவசியமில்லை. அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள, இலேசான, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வலைத்துணிச் சப்பாத்து போதும். காலை ஏழு மணிக்கு ஏறிப் பத்து மணிக்கு இறங்கிவிடும் நடைக்காக ஐந்நூறு வெள்ளி செலவிட வேண்டியதில்லை.

கேமரன் மலைப் பகுதியில் உள்ள கூனோங் இராவ் 2,110 மீட்டர் உயரம். பாசி படர்ந்த காடு, குளிர்ச்சி, வேர்கள், சேறு எல்லாம் அங்கே சேர்ந்தே இருக்கும். கணுக்காலை மூடும் இலேசான சவ்வுச் சப்பாத்து அங்கே பயன் தரும். ஆனால் சேறு ஆழமாக இருக்கும் நாளில் எந்தச் சப்பாத்தின் மேல்வாயும் அதைத் தடுக்காது. கணுக்காலைச் சுற்றி முழங்கால் வரை கட்டும் துணிக் காப்புறை இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலையான கூனோங் தாஹான் 2,187 மீட்டர். தாமான் நெகாராவின் கோலா தாஹானிலிருந்து போகும் பாதை பல நாள் எடுக்கும். ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கும் இடத்தில் ‘தண்ணீர் புகாது’ என்பதற்குப் பொருளே இல்லை. அங்கே தேவைப்படுவது தண்ணீரை வெளியே விட்டுவிட்டு விரைவாகக் காயும் சப்பாத்து. முகாமில் மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறையும் ஒரு ஜோடிச் செருப்பும் கையில் இருக்க வேண்டும்.

சபாவின் கினபாலு மலை வேறு வகை. அதன் உச்சி 4,095 மீட்டர். அதிகாலையில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். காற்றும் மழையும் சேர்ந்தால் நனைந்த பாதம் விறைத்துப்போகும். காற்று குளிர்ந்து இருப்பதால் சவ்வும் தன் வேலையைச் சரியாகச் செய்யும். நீர்புகாத சப்பாத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம் என்று சொல்லக்கூடிய மலை இதுதான். ஆனால் கினபாலுவில் காலைச் சோதிப்பது ஏற்றத்தைவிட இறக்கம். உச்சியைத் தொட்ட அதே நாளில் 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயில் வரை, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், பெரும்பகுதி படிக்கட்டுகளாக இறங்க வேண்டும். சப்பாத்து அரை அளவு சிறியதாக இருந்தாலும் அன்று மாலைக்குள் நகங்கள் அதைச் சொல்லிவிடும்.

எடை ஏன் முக்கியம்?

முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிட, காலில் கட்டிய ஒரு கிலோவை நகர்த்த நான்கு முதல் ஆறு மடங்கு வரை அதிக சக்தி செலவாகும். ஒவ்வோர் அடியிலும் அந்த எடையைத் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டியிருப்பதே காரணம். உடல் எடை குறைவான பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பெண்கள் அளவில், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் இலேசான சப்பாத்து ஒரு ஜோடி சுமார் 600 கிராம் இருக்கும். கணுக்காலை மூடும் இலேசான சவ்வுச் சப்பாத்து 750 முதல் 950 கிராம் வரை வரும். பழைய பாணித் தோல் பூட்ஸ் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். நம் மலைகளில் ஓரிரு நாள் நடைக்கு ஒரு கிலோவுக்குக் கீழே இருப்பதே நல்லது. அட்டையில் போடும் எடை சில நிறுவனங்களில் ஒரு காலுக்கு, சிலவற்றில் ஒரு ஜோடிக்கு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்பிட வேண்டும்.

உயரமான சப்பாத்து போட்டால் கால் சுளுக்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உறுதிசெய்யும் அளவுக்கு ஆய்வு முடிவுகள் தெளிவாக இல்லை. கல், முள், சேறு கணுக்காலில் படாமல் காப்பதுதான் உயரமான மேல்வாயின் நிச்சயமான பயன். அட்டைக் கடிக்கும் அது மருந்தாகாது. அட்டைக்கு நெருக்கமாக நெய்த துணியில் தைத்த, முழங்கால் வரை வரும் தனிக் காலுறை விற்கிறார்கள். அதைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்ட வேண்டும்.

பெண்களுக்கான வார்ப்பு என்றால் என்ன?

சப்பாத்து எந்தப் பாத வடிவ அச்சின் மேல் தைக்கப்படுகிறதோ அதை வார்ப்பு எனலாம். பாதத்தின் முன்பகுதியோடு ஒப்பிட்டால் பெண்களின் குதிகால் பொதுவாக ஒடுக்கமானது. ஆண்களின் வார்ப்பில் செய்ததைப் போட்டால் முன்பகுதி சரியாக இருக்கும்போதே பின்னால் குதிகால் மேலும் கீழும் வழுக்கும். கொப்புளம் அங்கேதான் தொடங்கும். பெண்களுக்கென்று செய்த நல்ல சப்பாத்தில் குதிகால் கிண்ணம் ஒடுங்கியிருக்கும். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பெண்கள் சப்பாத்து என்று விற்பதும் நடக்கிறது.

சிறுவயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்புறம் அகன்றிருக்கும். நம் தோட்டப்புறப் பெண்களில் பலருக்கும் இப்படித்தான். அவர்களுக்குப் பெண்கள் வார்ப்பே விரல்களை நெருக்கலாம். கீன், அல்ட்ரா போன்ற நிறுவனங்களின் சப்பாத்துகள் முன்பகுதி அகலமானவை என்று பெயர் பெற்றவை. சாலமன் வகைகள் பல ஒடுக்கமானவை. எதுவும் பொருந்தாவிட்டால் ஆண்கள் அளவில் சிறியதைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. குழந்தை பெற்ற பிறகு பாதம் சற்றே நீண்டுவிடுவதும் உண்டு. திருமணத்துக்கு முன் இருந்த அளவைச் சொல்லி வாங்காமல் மறுபடி அளந்து பாருங்கள்.

அளவு பார்க்கும் முறை

• வேலை முடிந்த மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும்.

• மலைக்குப் போடப்போகும் காலுறையையே எடுத்துச் செல்லுங்கள். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ நல்லது.

• சுவரில் குதிகாலை ஒட்டித் தாளின் மேல் நின்று, இரண்டு பாதங்களையும் சென்டிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். பெரிய பாதத்துக்கே அளவு பாருங்கள். ஒரே எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சென்டிமீட்டர் மாறாது.

• கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி விரல் முனையைத் தொடவிடுங்கள். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும்.

• பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்துக் கயிற்றைக் கட்டுங்கள். நடக்கும்போது குதிகால் எழும்பக் கூடாது. விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும்.

• கடையில் சாய்தளமோ படிக்கட்டோ இருந்தால் நான்கைந்து முறை இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த அளவு வேண்டாம்.

• குறைந்தது பதினைந்து நிமிடம் போட்டு நடங்கள். “போடப் போடச் சரியாகிவிடும்” என்ற பேச்சு பழைய தோல் பூட்ஸுக்குப் பொருந்தும். இன்றைய இலேசான சப்பாத்து கடையில் வலித்தால் மலையிலும் வலிக்கும்.

பிடிப்பும் நாக்கும்

நம் நாட்டில் மழை நாளில் பெண்கள் விழுவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது நனைந்த வேரிலும் பாறையிலும். ஆகவே அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பற்கள் நான்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழமும், இடையில் சேறு ஒட்டாமல் உதிரும் அளவு இடைவெளியும் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்றே அழுந்தும் ரப்பர் நனைந்த பாறையில் பிடிக்கும். பிளாஸ்டிக் போலக் கடினமாக இருப்பது அதிக நாள் உழைக்கும், ஆனால் வழுக்கும்.

கயிற்றுக்குக் கீழே உள்ள நாக்கு, இரண்டு பக்கமும் மேல்வரை சப்பாத்தோடு தைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தையல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரைதான் சப்பாத்து நீர்புகாதது. பாதியிலேயே நின்றால், கணுக்காலை மூடும் உயரம் இருந்தும் பயனில்லை.

பத்து வெள்ளிச் சப்பாத்தும் இருக்கிறது

ரப்பர் மரம் வெட்டப் போனவர்கள் காலில் கிடந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தை நம்மில் பலர் வீட்டு வாசலில் பார்த்திருப்போம். ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். முழுவதும் ஒரே வார்ப்பில் செய்த அந்தச் சப்பாத்து தண்ணீரை உறிஞ்சாது, கொட்டிவிட்டு நடக்கலாம். பற்கள் சேற்றில் கடிக்கும். கினபாலுவின் வழிகாட்டிகளும் சுமைதூக்குபவர்களும் இன்றும் அதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள்.

ஆனால் அவர்கள் கால் அதற்குப் பழகிய கால். அடிப்பாகம் மெல்லியது, கல்லின் கூர்மை நேராகப் பாதத்தில் ஏறும். மெத்தை இல்லை, வியர்வைக்கு வழியில்லை. ஆறும் சேறும் உள்ள ஒருநாள் நடைக்கு, தடித்த காலுறையும் உள்ளே போடும் மெத்தைத் தகடும் சேர்த்தால் அது நன்றாகவே உதவும். நீண்ட படிக்கட்டு இறக்கத்துக்கு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, அது வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற இனங்களைவிட இந்தியர்களிடையே அது அதிகம் என்பதையும் அந்த ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. மருத்துவர் நடக்கச் சொன்னதால் மலைக்கு வரத் தொடங்கிய அம்மாக்கள், அக்காமார் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வருவது தெரியாது. ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும்; அந்தப் புண் ஆற நாளாகும்.

இவர்கள் சப்பாத்தை ‘இறுக்கமாக இல்லை’ என்ற உணர்வை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. உள்ளே போடும் தகட்டை வெளியே எடுத்து, அதன் மேல் பாதத்தை வைத்துப் பாருங்கள். பாதம் தகட்டுக்கு வெளியே வழிந்தால் சப்பாத்து ஒடுக்கம். நடையின் நடுவில் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்து, காலுறையை மாற்றுங்கள். வீடு திரும்பியதும் விரல் இடுக்குகளைத் துடைத்துப் பாருங்கள். புண் சிறியதாக இருந்தாலும் சுகாதார மையத்தில் காட்டிவிடுவதே நல்லது. தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் காய்ச்சலும் புண் வழியே உடலுக்குள் நுழையலாம்.

பெட்டியில் பூட்டி வைத்தால் உதிரும்

கினபாலுவுக்காக வாங்கி, ஒருமுறை போட்டு, பெட்டியில் பத்திரமாக வைத்த சப்பாத்தை நான்கைந்து ஆண்டு கழித்து எடுத்துப் போட்டால், நடு வழியில் அடிப்பாகம் முழுதாகக் கழன்று வந்துவிடும். இது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. நடு அடுக்கில் உள்ள பாலியூரித்தேன் என்னும் பொருள் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதைந்து, கேக் போல உதிரும். நம் தட்பவெப்பத்தில் பூட்டிய அலமாரி அதற்கு இன்னும் வேகம் கொடுக்கும். பண்டல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய பூட்ஸிலும், கழிவு விலையில் வரும் பழைய சரக்கிலும் இந்த ஆபத்து உண்டு. நடு அடுக்கைப் பெருவிரலால் அழுத்தி, சப்பாத்தை வளைத்துப் பாருங்கள். விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் சேற்றைக் கழுவி, உள்தகட்டை எடுத்துவிட்டு, பழைய நாளிதழ்த் தாளைத் திணித்து நிழலில் காற்றாட வையுங்கள். கொதிக்கும் வெயிலும் அடுப்பு வெப்பமும் பசையை இளக்கிவிடும். மாதம் ஒருமுறையாவது போட்டு நடங்கள். பெரிய பயணத்துக்கு முந்திய வாரம் இரண்டு மணி நேரம் நடந்து பார்ப்பது கட்டாயம். பையில் இரண்டு கேபிள் டை இருந்தால், அடிப்பாகம் கழன்றாலும் கட்டிக்கொண்டு இறங்கி வந்துவிடலாம்.

சுருக்கமாக

முதலில் பொருத்தம், அடுத்து பிடிப்பு, பிறகு எடை, கடைசியாக நீர்புகாத் தன்மை. இந்த வரிசையில் பாருங்கள். கையில் உள்ள பணம் குறைவு என்றால் சவ்வை விட்டுவிட்டு நல்ல காலுறைக்கும் சரியான அளவுக்கும் செலவிடுங்கள். கினபாலு போன்ற குளிர்மலைக்குப் போவது உறுதி என்றால் மட்டும் சவ்வுச் சப்பாத்துக்குச் சேமியுங்கள். வாங்கியதை முதல் சில நாள் வீட்டுக்குள் சுத்தமான தரையில் மட்டும் போட்டு நடங்கள். மாற்றித் தருவதற்கான காலக்கெடுவையும் ரசீது வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.